தலைக் கிறிஸ்துமஸ் கம்ப்யூட்டர்

கரியாலூர்
14.11.2023

அன்புள்ள மாப்பிள்ளை டென்னிஸ் அவர்களுக்கு,

மாமன் தைரியநாதன் எழுதுவது. இங்கே பனி இறங்கிவிட்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் ஜெனிபரும் சம்பந்தியம்மாளும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

போனில் கேட்கலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மின்வாரியத்தில் வயர்மேனாக இந்த மலை முழுக்கக் கம்பம் ஏறி இறங்கியவனுக்கு இப்போது ஒரு காது மந்தம். இந்த ஊர் டவரும் மந்தம். இரண்டும் சேர்ந்தால் நான் "ஆங், ஆங்" என்று கத்துவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. மாப்பிள்ளையிடம் அப்படிக் கத்துவது மரியாதையும் இல்லை. பஸ் கண்டக்டர் பழனி நமக்கு வேண்டியவர். காலையில் அவர் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சியில் உங்கள் ஆபீசுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

விஷயம் இதுதான். கல்யாணமாகி வருகிற முதல் கிறிஸ்துமஸ். தலைக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை மனம் குளிர ஒன்று செய்யவேண்டியது எங்கள் கடமை. சம்பந்தியம்மாள் பைக் என்று ஜாடையாகச் சொன்னார்கள். ஜெனிபரைக் கேட்டேன். "அவருக்கு பைக்கெல்லாம் வேணாம்பா. கம்ப்யூட்டர்னா உசுரு" என்றாள். எனக்குக் கரண்ட் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. ஆகவே என்ன மாதிரி, என்னென்ன சாமான், எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். கூச்சம் வேண்டாம். ஆனால் நான் பென்ஷன்காரன் என்பதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
தைரியநாதன்


கள்ளக்குறிச்சி
20.11.2023

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜெனிபர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வேணாம்னு எழுதிட்டு ராத்திரியெல்லாம் யூட்யூப்ல கார்டு பாத்துக்கினு இருப்ப" என்றாள். அதனால் மறுபடி எழுதுகிறேன். கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

முழுக் கம்ப்யூட்டராக வாங்கினால் செலவு ஜாஸ்தி. உறுப்புகளைத் தனித்தனியாக வாங்கினால் நானே பூட்டிக்கொள்வேன். அதில் முக்கியமானவை இரண்டு. கணக்குப் போடுவது ப்ராசசர். திரையில் படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று தோதாக அமைய வேண்டும். ஒன்று பலமாகவும் மற்றது நோஞ்சானாகவும் இருந்தால் பலமானது சும்மா உட்கார்ந்திருக்கும், போட்ட காசு வீண்.

நமக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரைசன் 5 5600ஜி ப்ராசசர். அதற்குக் கார்டு வேண்டாம், விலையும் கம்மி. இன்னொன்று, இன்டெல் ஐ3 12100எஃப் ப்ராசசரும் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டும் சேர்ந்த ஜோடி. கொஞ்சம் ஜாஸ்தி. எனக்கு அந்த இரண்டாவதுதான் தோதுப்படும் என்று நினைக்கிறேன். மற்ற சாமான்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

எதற்கு என்று அம்மா கேட்டார்கள். தாலுகா ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் வீட்டில் பார்க்கலாம், குரூப் டூ பரீட்சைக்குப் படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வழியிலும் அந்த வேலையெல்லாம் நடக்கும். இருந்தாலும் இரண்டாவது கொஞ்சம் வேகம். அவ்வளவுதான்.

உங்கள் மருமகன்,
டென்னிஸ்


கரியாலூர்
4.12.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காரியம் முடிந்தது! வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு வந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். உங்கள் தெருவைத் தாண்டித்தான் போனேன். நாள் வருமுன்னே சீர் சாமானோடு சம்பந்தி வீட்டில் நுழையக்கூடாது என்பதால் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்.

ப்ராசசர், கார்டு என்று நீங்கள் எழுதியது எனக்கு உடனே பிடிபட்டது. டிரான்ஸ்பார்மருக்கு ஏற்ற லைன் இழுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை யாரோ ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர் சரத்குமார் நல்ல மனுஷன். அவரிடம் "இந்தக் கார்டு இன்னாத்துக்குப்பா, இம்மாம் வெல?" என்று கேட்டேன். "அது கேம் ஆடறவங்க போடறது சார். ஆபீஸ் வேலைக்கு, படிப்புக்கு இம்மாம் பெரிய கார்டு தேவப்படாது" என்றார். பார்த்தீர்களா! தாலுகா ஆபீசில் உத்தியோகம் பார்க்கிற மனுஷனுக்கு விளையாட்டுச் சாமானைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள். பட்டியலிலிருந்து அதை அடித்துவிடச் சொன்னேன்.

அவர் தயங்கிவிட்டு, "மாப்ள வூட்ல வேற கார்டு எதுனா கீதா சார்?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒன்று இல்லை என்று பெண்ணைக் கொடுத்தவன் வாயால் சொல்வேனா? "அவுரு வூட்ல இல்லாத பொருளா? எல்லாம் கீது, நீ கட்டு" என்றேன்.

அந்த மிச்சத்தில் திரையைப் பெரிசாக எடுத்தேன். பெட்டி சும்மா கறுப்பாக இருந்தது, அதையும் மாற்றி ஏழு நிறத்தில் விளக்கு சுற்றுகிற பெட்டியாக வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் போட்டுக் காட்டினார். எங்கள் கோயில் நட்சத்திரம்கூட அப்படி எரியாது.

எல்லாம் இங்கே பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தைரியநாதன்


கள்ளக்குறிச்சி
9.12.2023

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

அந்தக் கார்டு விஷயம் மட்டும், அதாவது அந்த ப்ராசசருக்கு… ஒன்றுமில்லை மாமா, நேரில் சொல்கிறேன். நீங்கள் செய்தது சரிதான். விளக்குப் பெட்டி ஜெனிபருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இருபத்துநாலாம் தேதி கடைசி பஸ்ஸில் வருகிறோம்.

டென்னிஸ்


கரியாலூர்
8.1.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புது வருஷத்தன்று உங்கள் வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. சம்பந்தியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு வாரமாக அதே நினைப்புத்தான். பூசை முடிந்து உங்கள் சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். பங்குச் சாமியார் வந்து கம்ப்யூட்டர்மேல் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். சம்பந்தியம்மாள், "குடுத்தவரு கையாலயே போடட்டும்" என்கிறார்கள். நான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்ச் சுவிட்சைப் போடுகிறேன். விளக்கு ஏழு நிறத்திலும் சுற்றுகிறது, காற்றாடி ஓடுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது. நடுவில் 'சிக்னல் இல்லை' என்று ஓர் எழுத்து வந்து அதுவும் போய்விட்டது. உங்கள் பெரியப்பா, "மலையிலதான் சிக்னல் இல்ல, இதுலயுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். "பைக்கு கேட்டா ஜாஸ்தின்னு ஓடாத பொட்டிய வாங்கியாந்து வெளக்கு காட்றாரு" என்று உங்கள் அம்மா சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த மலையில் எத்தனையோ ஊருக்கு முதல்முதலாகக் கரண்ட் கொடுத்தவன் நான். நான் சுவிட்சைப் போட்டு வெளிச்சம் வராமல் போனது அன்றைக்குத்தான். சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினேன், யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தேன். பெட்டிக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றீர்கள். பாவம், உங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சரத்குமார் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர், "அந்த ப்ராசசருக்குக் கார்டு இல்லாம படமே வராது சார். அதனாலதான் வூட்ல கார்டு கீதான்னு கேட்டேன். நீங்கதான் எல்லாம் கீதுன்னீங்க" என்றார். கடையில் நின்றபடியே என் முகம் சுருங்கிப்போனது. தப்பு என்னுடையது மாப்பிள்ளை. வீராப்பாகப் பேசி உங்களை உங்கள் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். கொல்லையில் மரவள்ளிக்கிழங்கு எடுத்து விற்றதும் அந்தக் கார்டை வாங்கித் தந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அறியாமல்தான் கேட்கிறேன். உங்கள் வேலைக்கு முதல் வழியே போதும், அதற்குக் கார்டே வேண்டாம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அப்படியிருக்க இரண்டாவதை ஏன் கேட்டீர்கள்?

ஜெனிபர் போனை எடுப்பதில்லை. உடம்பு சுகம்தானே?

தைரியநாதன்


கள்ளக்குறிச்சி
17.1.2024

மாமாவுக்கு,

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் ஆபீசில் உட்கார முடியவில்லை. பதில் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இப்போது ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும் மாமா. உங்கள் டிசம்பர் மாதக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே தெரியும், கார்டு இல்லாமல் அந்தத் திரையில் ஒரு புள்ளிகூட வராது என்று. ஜெனிபரும் படித்தாள். "உடனே எழுது, இல்லன்னா நான் சொல்றேன்" என்றாள். "நானே சொல்றேன்" என்று அவள் வாயை அடைத்தேன். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்தேன். நீங்கள் பரணிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் துடைத்துக் கொடுத்தீர்கள். அப்போதும் வாய் வரவில்லை.

சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான். அந்தக் கார்டு கேம் ஆடுவதற்கு. வேறெதற்கும் இல்லை. குரூப் டூ என்று சொன்னது பொய். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆபீசில் என்னை சார் என்கிறார்கள், கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறேன். இந்த வயசில் விளையாடுவதற்கு மாமனாரிடம் பொம்மை கேட்டான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்த ஜோடியைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதைவிடச் சின்னக் கார்டு போட்டால் புதுக் கேம்கள் திக்கித் திக்கி ஓடும். பெரிய கார்டு போட்டால் ப்ராசசரால் ஈடுகொடுக்க முடியாது. பழைய கார்டு கம்மி விலைக்குக் கிடைக்கும், ஆனால் யாரிடம் எப்படி அடிபட்டு வந்ததோ என்று பயம். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, நம்மைப்போன்ற சம்பளக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை என்று தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தை ஒரு மனுஷரிடமும் சொல்ல முடியாமல், பரீட்சை என்று பொய் சொன்னேன்.

புது வருஷத்துக்குள் எப்படியாவது ஒரு கார்டு இரவல் வாங்கிப் போட்டுவிடலாம் என்று தியாகதுருகத்தில் என் சினேகிதன் தமிழழகன் வீட்டுக்கு ஓடினேன். அவன் சென்னைக்குப் போயிருந்தான். அம்மா அதற்குள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்கள் சுவிட்சைப் போடப்போகும்போது, 'கரண்ட் போய்விட வேண்டும் ஆண்டவரே' என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வயர்மேனுடைய மருமகன் வேண்டிக்கொண்டதைப் பாருங்கள்.

நீங்கள் பில்லை நீட்டியபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்டு வாங்கித் தரவேண்டாம் மாமா. அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். எப்போது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். ஜெனிபர் என்னோடு பேசுவதில்லை.

டென்னிஸ்


கரியாலூர்
22.1.2024

டென்னிஸ் அவர்களுக்கு,

ஜெனிபர் சனிக்கிழமை பையோடு வந்து இறங்கினாள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "எல்லாம் நெசம்தான்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் விளையாடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைக்குப் போகிற ஆண்பிள்ளை சாயங்காலம் வந்து என்ன செய்தால் எனக்கென்ன? லைன் ஆபீசில் நாங்கள் மழைநாளெல்லாம் சீட்டாடியவர்கள்தான், சூபர்வைசரும் சேர்ந்துதான். "மாமா, விளையாட ஆசையாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால், நானே அந்தக் கார்டைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பேனே.

என்னைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கவைத்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். விஷயம் தெரிந்து வாய் திறந்திருக்க வேண்டியவர் அந்தக் கூடத்தில் நீங்கள்தான். உங்களுக்கும் புரியவில்லை என்று நான் உங்களுக்காகப் பரிதாபப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

எனக்கு எழுதியது போதாது. அம்மாவிடம் சமையலறையில் ரகசியமாகச் சொல்வதும் போதாது. அதே கூடத்தில், அன்றைக்குச் சிரித்தவர்கள் இருக்கும்போது சொல்லுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம். பழனியிடமும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன்.

தைரியநாதன்


கள்ளக்குறிச்சி
2.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பழனி அண்ணன் வாங்கமாட்டேன் என்றார். "ஒங்க மாமா சொல்லிகீறாருங்க" என்றார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இப்போது கொடுக்கலாம் என்றதும் வாங்கிக்கொண்டார்.

ஈஸ்டரன்று எல்லோரும் வந்தார்கள். என் சம்பளத்தில் அந்தக் கார்டை வாங்கி முந்தின நாளே பெட்டிக்குள் பொருத்திவைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். படம் வந்தது. பெரியப்பா, "சம்பந்தி ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அத்தோடு முடிந்திருக்கும். ஒரு நிமிஷம் அந்த எண்ணம் எனக்கு வந்தது மாமா, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

பிறகு சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். இது விளையாடத்தான் கேட்டேன், படிக்க இல்லை, மாமா வாங்கிக் கொடுத்தது அத்தனையும் நல்ல சாமான், ஒரு கார்டு குறைகிறது என்று எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் அவரைப் பேச்சு வாங்கவிட்டேன் என்றேன். சித்தி பையன்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா அழுதுவிட்டார்கள். "இதுக்கு போயி அவுர ஏம்மா அப்டி பேசுன?" என்று நான்தான், வெட்கமில்லாமல், கேட்டேன். அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு இன்னாடா தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி? அவுரு மூஞ்சியப் பாத்தேன், நல்லவராத்தான் தெரிஞ்சாரு. ஒன் மூஞ்சியப் பாத்தேன். நீ தலயக் குனிஞ்சிக்கினு நின்ன. பையனே பேசலன்னா அவுரு மேலதான் தப்பு கீதுன்னு நெனச்சேன். நீ நின்னதப் பாத்துதான்டா நான் பேசுனேன்."

நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றேன் என்று இத்தனை மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

ஜெனிபரை அனுப்புங்கள் என்று கேட்கும் தைரியம் இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

டென்னிஸ்


கரியாலூர்
11.4.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, சம்பந்தியம்மாள் திங்கட்கிழமை இங்கே வந்திருந்தார்கள். மலை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போன அவர்களைப் பழனிதான் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா பேசிட்டேங்க" என்றார்கள். அந்த அம்மாளை மலை ஏறவைத்துவிட்டேனே என்று எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. காது கேட்காதவன் மாதிரி, "ஆங்? தண்ணி வேணுமா?" என்று கத்தினேன். உங்கள் அத்தை என்னை முறைத்தாள். பிறகு அவள் வைத்த மிளகு ரசத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சம்பந்தியம்மாள் போனார்கள்.

ஜெனிபர் உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள், திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவளோடு வருகிறேன். ஒரு வேளைச் சாப்பாடு அங்கே எனக்குப் பாக்கி இருக்கிறது, அதைச் சாப்பிட வேண்டும்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. அந்தத் திரையில் படம் வந்ததை உங்கள் வீட்டில் அத்தனை பேரும் பார்த்துவிட்டீர்கள், நான்தான் பார்க்கவில்லை. அதில் என்னதான் விளையாடுகிறீர்கள் என்றும் பார்க்க வேண்டும். யாரையும் கூப்பிட வேண்டாம், சாமியார் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அதை அணைத்தே வைத்திருங்கள்.

சுவிட்சை நான்தான் போடுவேன்.

தைரியநாதன்